ஜிஜா சேச்சியா, ஏஜென்சியா

கொல்லயில்
10.09.2023

அன்புள்ள ஜெஸ்மி அக்காவுக்கு,

ரினி எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் சுகம். அப்பா பொழியூரிலிருந்து கடலுக்குப் போய் வருகிறார். அம்மாவுக்கு முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. உங்கள் மடத்தில் பயிற்சியில் இருக்கிற நவகன்னியருக்குப் போன் கிடையாது என்று சொன்னபோது அம்மா அழுதாள். நான் அழவில்லை. போனில் நீ "சொல்லு, சொல்லு" என்று அவசரப்படுத்துவாய், எனக்கு வந்த வார்த்தையும் உள்ளே போய்விடும். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை.

ஒரு காரியம் கேட்க வேண்டும்.

ஓணத்துக்கு எங்கள் கடையில் செட்டு சாரிக்குப் படம் எடுக்கத் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பெண் வருவதாக இருந்தது. அவள் வரவில்லை. தங்கப்பன் முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். என்னோடு துணி எடுத்துக் கொடுக்கிற லேகா, "எதுக்கு முதலாளி கவலைப்படுதிய, நம்ம ரினி இல்லியா?" என்று என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். முதலாளியின் மகன் அனூஜ் படம் எடுத்தான். பேசத் தெரியாமல் பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்ட நான், கேமரா முன்னால் சும்மா நின்றேன். அதற்குப் பேச வேண்டியதில்லை. அந்தப் படம் இப்போது உதியன்குளங்கரை சந்திப்பில் கடைக்கு மேலே பெரிதாக நிற்கிறது. அப்பா பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் இருப்பவனிடம் "அது எனக்க இளைய பிள்ளையாக்கும்" என்று சொல்கிறாராம்.

அதைப் பார்த்து இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒன்று, ஜிஜா சேச்சி. உன்னோடு படித்தவள்தான். நெய்யாற்றின்கரையில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள், கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறாள். நகைக்கடைக்கும் துணிக்கடைக்கும் பெண்களைக் கூட்டிக்கொண்டு போகிற மேனேஜர் வேலையும் இப்போது செய்கிறாளாம். கடைக்கே வந்து, "எட்டி, நீ பேசண்டாம். பேசுகது எனக்க வேலை. எங்க போனாலும் நான் கூட வாறேன். உன்னை வெளுப்பிக்கச் சொல்லுகவன் கிட்ட இருந்து அப்பமே எழும்பி வந்திருவோம்" என்றாள். கிடைக்கிறதில் ஒரு பங்கு அவளுக்கு. காகிதம் ஒன்றும் கிடையாது.

மற்றது, கொச்சியில் ஒரு ஏஜென்சி. கடையின் இணையப் பக்கத்தைப் போனில் பார்த்துவிட்டு அனூஜுக்கு எழுதியிருந்தார்கள். அவர்களிடம் நிறையப் பெண்கள் இருக்கிறார்களாம். மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் போட வேண்டும். அது வரை எல்லா வேலையும் அவர்கள் வழியாகத்தான்.

ஜிஜா சேச்சி என்றால் தெரிந்த முகம். ஆனால் அவள் ஏதாவது சொன்னால் எனக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. ஏஜென்சி என்றால் தெரியாத இடம். ஆனால் அங்கே நான் ஒரு பெயர் மட்டும்தான், அது எனக்கு எளிது. எனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதால் ஒப்பந்தத்தில் நானே ஒப்பு போடலாமாம். நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன்.

உன் தங்கை,
ரினி


குன்னூர்
26.09.2023

இயேசுவுக்குப் புகழ்!

அன்புள்ள ரினிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வருகிற கடிதத்தை மதரிடம் காட்ட வேண்டும் என்பது இங்கே ஒழுங்கு. மதருக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆகவே நானே வாசித்து மலையாளத்தில் சொன்னேன். மாடல் என்று சொல்ல வாய் வராமல் துணிக்கடை விளம்பரம் என்று சொல்லி வைத்தேன். "அனியத்தி சுந்தரியாணோ?" என்று உன் அழகைப் பற்றிக் கேட்டார். "என்னெப் போலத் தன்னெ மதர்" என்றேன். "எங்கில் பேடிக்கான் ஒன்னுமில்ல" என்றார். என்னைப் போல என்றால் பயப்பட ஒன்றுமில்லையாம். உடனிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் ஜெப மணி அடித்ததே கேட்கவில்லை.

நீ கேட்டதைப் பற்றி யோசித்துத்தான் எழுதுகிறேன். ஏஜென்சிக்குப் போ. ஒரு தனி ஆளை நம்பி இறங்காதே. தனி ஆள் இன்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு வேறு மாதிரி. அவளுக்குக் கல்யாணம் ஆனாலோ கடையைப் பூட்டினாலோ நீ எங்கே போய் நிற்பாய்? ஒரு நிறுவனம் என்றால் ஒழுங்கு உண்டு, காகிதம் உண்டு, போய்க் கேட்க ஒரு இடம் உண்டு. நான் இங்கே வந்திருப்பதும் அப்படி ஒரு நம்பிக்கையில்தான்.

ஜிஜாவைப் பற்றித் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு எல்லாமே விளையாட்டு, அவ்வளவுதான்.

உடுத்துகிற உடையில் கவனமாக இரு. ஞாயிற்றுக்கிழமை பூசையை விட்டுவிடாதே. அம்மாவை முட்டுக்குத் தைலம் தேய்க்கச் சொல்.

அன்புடன்,
ஜெஸ்மி


கொல்லயில்
22.10.2023

அன்புள்ள அக்கா,

நீ சொன்னபடியே செய்துவிட்டேன்.

அம்மாவும் நானும் விடியுமுன்னே பாறசாலையில் ரயில் ஏறினோம். அந்த அலுவலகம் முழுவதும் கண்ணாடி. என்னைவிட உயரமான பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியும் இன்னொருத்தியைப் பார்க்கவில்லை. ஒரு மேடம் ஆங்கிலத்தில் அடித்த காகிதக் கட்டைத் தந்து "எல்லாம் வாயிச்சோ?" என்று கேட்டார். நான் முதல் பக்கத்தில்தான் இருந்தேன். பின்னால் ஆட்கள் நின்றார்கள். "வாயிச்சு" என்று சொல்லி ஒப்பு போட்டேன். சாட்சிக்கு அம்மா போட்டாள்.

பிறகு ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். பவுடர் கூடாது, பொட்டு கூடாது, முடியைப் பின்னால் கட்ட வேண்டும். நேராக ஒன்று, இடம் திரும்பி ஒன்று, வலம் திரும்பி ஒன்று. யாரும் என்னிடம் பேசவில்லை. அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது அக்கா. அதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஜிஜா சேச்சியிடம் சொல்லுகிற தைரியம் எனக்கு வரவில்லை. அவள் கூப்பிட்டபோதெல்லாம் போனை எடுக்கவில்லை. கடைசியில் அம்மாவிடம் சொல்லச் சொன்னேன். அம்மா பூசை முடிந்து கோயில் படியில் வைத்தே சொன்னாள். உன் கடிதத்தை அவள் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு திரிகிறாள், ஆயருடைய சுற்றுமடல் தோற்றது.

"ஜிஜா, நீ ஒண்ணும் மனசுல வைக்காத கேட்டியா. பிள்ளைய தனி ஆளு கூட விடண்டாம்னு எங்க ஜெஸ்மி எழுதியிருக்கா."

"ஜெஸ்மியா எழுதினா?"

"அவதான். உனக்கு எல்லாம் விளையாட்டுன்னும் எழுதியிருக்கா."

நான் நிறுத்தி வைத்திருந்த பைக்குகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஜிஜா சேச்சி சிரித்தாள். "உள்ளதாக்கும் குளோரி மாமி. சிஸ்டர்மாரு கள்ளம் சொல்லுவாளா?" என்றாள். அப்புறம் நான் நிற்கிற பக்கம் பார்த்து, "எட்டி ரினி, வெளிய வா, நான் கடிக்க மாட்டேன்" என்றாள். நான் போகவில்லை.

அம்மா இப்படிச் சொல்லுவாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நான் போய்ச் சொல்லியிருப்பேனா என்பதும் தெரியவில்லை.

ரினி


கொல்லயில்
20.02.2024

அக்கா,

கிறிஸ்மஸ் வாழ்த்துக்கு அப்புறம் உனக்கு ஒன்றும் எழுதாமல் இருந்தேன். எழுத ஒன்றும் இல்லை. ஏஜென்சியிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார்கள். இரண்டும் திருவனந்தபுரத்தில் கடைத் திறப்பு. தட்டில் பூவை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிற வேலை. அப்புறம் சத்தமே இல்லை. விஷுவுக்குப் படம் எடுக்கத் தங்கப்பன் முதலாளி கேட்டார். ஒப்பந்தப்படி கூடாது என்றேன். "எனக்க கடையில நிக்குக பிள்ளைய, எனக்க துணிய உடுத்து, எனக்க மகன் படம் எடுக்க நான் கொச்சியில கேக்கணுமோ?" என்றார். நல்ல மனிதர், அதோடு விட்டுவிட்டார்.

இப்போது எழுதுகிற காரணம் வேறு.

நெய்யாற்றின்கரையில் புதிதாக ஒரு தோல் கிளினிக் திறந்திருக்கிறார்கள். உதியன்குளங்கரை சந்திப்பில் எங்கள் கடைக்கு நேர் எதிரே அவர்கள் போர்டு வைத்திருக்கிறார்கள். அதில் இரண்டு முகம். இடது பக்கம் சிகிச்சைக்கு முன்னால் என்று போட்டிருக்கிறது. வலது பக்கம் சிகிச்சைக்குப் பின்னால். இரண்டும் நான்.

கொச்சியில் வெள்ளைச் சுவரில் எடுத்த படம். இடது பக்கத்தில் இருப்பது அப்படியே நான்தான், பவுடர் போடாத முகம். அதன் மேலே கொஞ்சம் இருட்டைக் கூட்டியிருக்கிறார்கள். வலது பக்கத்து முகம் உரித்த வெங்காயம்போல இருக்கிறது. அதற்கு என் மூக்கு, என் கம்மல். அந்தக் கிளினிக்கின் படி நான் ஏறினதில்லை.

ஏஜென்சிக்குப் போன் செய்தேன். எத்தனை தடவை எடுத்து வைத்த பிறகு செய்தேன் என்று கேட்காதே. "படம் யாருக்கு வேணமெங்கிலும் கொடுக்காம்னு ஒப்பிட்டிட்டுண்டல்லோ மோளே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். படத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று நான் ஒப்பு போட்டிருக்கிறேனாம். காகிதத்தை எடுத்து வந்து அனூஜ் வாசித்தான். உண்டு. நாலாம் பக்கத்தில்.

கடைக்கு வருகிறவர்கள் முதலில் போர்டைப் பார்க்கிறார்கள், அப்புறம் என்னை. ஒரு பெண் தன் தோழியிடம், "காசு குடுத்தும் இதுக்கு வெளுக்கல்ல பாத்தியா?" என்று சொன்னாள். லேகா அவளோடு சண்டைக்குப் போனாள். அன்றிலிருந்து நான் வேலைக்குப் போகவில்லை.

அப்பா பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறார். வந்து வலையை இறக்கி வைத்தார், குளித்தார், சாப்பிட்டார். எல்லாம் முடிந்து, "மக்கா, உனக்க நிறத்துக்கு என்ன கேடு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். எனக்குச் சுகமில்லாமல் ஆகி, அதை அவரிடம் மறைத்துவிட்டோம் என்று நினைத்திருக்கிறார்.

கேட்க ஒரு இடம் உண்டு என்று நீ எழுதியிருந்தாய். எங்கே கேட்பது? சீக்கிரம் எழுது.

ரினி


கொல்லயில்
12.03.2024

அக்கா,

நீ பதில் போடவில்லை. கடிதத்தை மதருக்கு வாசித்துக் காட்ட வெட்கமாக இருந்ததா? தோல் கிளினிக் என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லையா? துணிக்கடை என்றே சொல்லியிருக்கலாமே.

தபால்காரர் வருகிற நேரத்தில் அம்மா வாசலில் நிற்கிறாள். நான் நிற்கவில்லை. ஜிஜா சேச்சியின் பார்லருக்குப் போனேன்.

அவள் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்ணாடியில் பார்த்து, "வந்தாச்சா கொச்சிக்காரி? செருப்ப வெளிய போட்டுட்டு வா" என்றாள். நாற்காலியில் இருந்த பெண் திரும்பி, "சேச்சி, இது அந்த போர்டுல உள்ள" என்று தொடங்கினாள். "நீ வாய மூடு பிள்ளே. உதட்டுல சாயம் காயல்ல" என்றாள் ஜிஜா சேச்சி.

காகிதத்தை நீட்டினேன். கை துடைத்துவிட்டு வாங்கி, உதடு அசைய வாசித்தாள். ரொம்ப நேரம் வாசித்தாள்.

"எனக்கும் பாதி விளங்கல்ல" என்றாள். "ஆனா விளங்காததுல நீ ஒப்பு போட நான் விட்டிருக்க மாட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு ஆளக் காட்டிட்டு வாறோம் மேடம்னு சொல்லியிருப்பேன். உனக்குத்தான் அது வாயில வராதே. அத சொல்லதுக்காக்கும் நான் கூட வாறேன்னு சொன்னது. பின்ன என்னத்துக்கு, உனக்க பைய தூக்கவா?"

எனக்கு அழுகை வந்தது. இனி என்னைச் சேர்த்துக்கொள்வாயா என்று கேட்டேன். அதை நானே கேட்டேன் அக்கா, யாரையும் அனுப்பவில்லை.

"இப்பம் நீ அவங்களுக்க ஆளாக்கும் மக்கா. நான் தொட்டா வக்கீல் நோட்டீஸ் எனக்கு வரும். எனக்கு இந்தக் கடை ஒண்ணுதான் உண்டு. பின்ன, எங்கூட வேற ஒரு பிள்ளையும் வரத் தொடங்கியாச்சு. அவள நான் என்ன செய்ய?"

அவள் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. டீ வரவழைத்துக் கொடுத்தாள். குடித்து முடிக்கிற வரை அந்தப் பெண்ணின் முடியைப் பின்னிக்கொண்டே இருந்தாள். பிறகு, "ஜெஸ்மி சுகமா இருக்காளா? முடிய வெட்டியாச்சா?" என்று கேட்டாள். நீ மடத்துக்குக் கிளம்பின அன்று அவள் ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"யாரு சொன்னா வரல்லன்னு? ரயில்வே ஸ்டேஷன்ல அந்தப் பக்கத்துப் பிளாட்பாரத்துல நின்னேன். அவ பாத்தா, பாத்துட்டு முகத்த திருப்பிக்கிட்டா. முந்தின நாளு நான் ஒரு விளையாட்டு சொல்லிப்போட்டேன். ஒரு வருசத்துல நீ திரும்பி வருவ, உனக்குக் கல்யாண மேக்கப்பு நான் ஓசியா போட்டுத் தாறேன்னு. அதுக்கு அவ எங்கிட்ட பேசல்ல. இன்னைக்கு வரைக்கும் பேசல்ல."

எல்லாமே விளையாட்டு என்று நீ எழுதினாயே, அது இதுதானா? எனக்கு எது நல்லது என்று பார்த்துத்தான் ஏஜென்சி என்று எழுதினாயா? இல்லை, நான் ஜிஜா சேச்சியோடு போகக் கூடாது என்றா?

இதற்காவது பதில் எழுது.

ரினி


குன்னூர்
02.04.2024

இயேசுவுக்குப் புகழ்!

என் ரினிக்கு,

தவக்காலம் முழுவதும் இங்கே எங்களுக்குக் கடிதம் தருவதில்லை. வருகிறதெல்லாம் மதருடைய அலமாரியில் இருக்கும். ஈஸ்டருக்கு மறுநாள்தான் கொடுப்பார்கள். போன வருஷத் தவக்காலத்தில் நான் நவகன்னியாக ஆகவில்லை, மாதம் ஒரு தடவை போன் இருந்தது. அதனால் இந்த ஒழுங்கு எனக்கே தெரியாது. சாம்பல் புதன் அன்றுதான் சொன்னார்கள். அதற்குப் பிறகு வெளியே எழுதவும் முடியாது. நீ எழுதின இரண்டும் எனக்கு நேற்று ஒன்றாகக் கையில் கிடைத்தன.

அலமாரி நாங்கள் சாப்பிடுகிற அறையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் அதற்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.

மதருக்கு இரண்டையும் வாசித்துக் காட்டினேன். ஒரு வரியையும் மாற்றவில்லை. அப்பா கேட்டதை வாசிக்கும்போது என்னால் முடியவில்லை. மதர் "மதி", போதும் என்று சொல்லி எழுந்து போனார். மாலையில் வந்து, எங்கள் சபையில் வக்கீலாக இருக்கிற ஒரு சிஸ்டர் கோட்டயத்தில் இருப்பதாகவும், அந்த ஒப்பந்தத்தை அவருக்கு அனுப்பச் சொல்லும்படியும் சொன்னார். முழுவதையும் மாற்ற முடியாமல் போனாலும் அந்தப் போர்டைப் பற்றி எழுதிக் கேட்கலாமாம். அவர் நம்பரை உனக்குத் தர அனுமதி கேட்டிருக்கிறேன்.

நீ கடைசியில் கேட்டதற்கு வருகிறேன். அப்படி இல்லை என்று எழுதினேன், கிழித்தேன். ஆமாம் என்று எழுதினேன், அதையும் கிழித்தேன். இங்கே தாள் அளவாகத்தான் தருவார்கள். ஆகவே எனக்கு உறுதியாகத் தெரிவதை மட்டும் எழுதுகிறேன். உன் முதல் கடிதத்தில் ஜிஜாவின் பெயரைப் பார்த்ததும் நான் அந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்தினேன். மீதியை வாசிப்பதற்கு முன்பே பதில் என் மனதில் இருந்தது. ஒழுங்கு, காகிதம் எல்லாம் அதற்குப் பிறகு தேடி எடுத்தவை. அவை பொய் அல்ல. ஆனால் பிறகு வந்தவை.

நான் திரும்பி வருவேன் என்று அன்றைக்கு அவள் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது, அது பொய் என்பதால் அல்ல, ரினி. இதை மதருக்கு இன்னும் வாசித்துக் காட்டவில்லை.

உன் முகத்தை நான் பார்க்காமலே ஒரு யோசனை சொல்லிவிட்டேன். என்னை மன்னித்துக்கொள் என்று கேட்கிறேன். உடனே மன்னிக்க வேண்டாம்.

இதோடு மடித்து வைத்திருக்கும் தாள் ஜிஜாவுக்கு. நீ கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடு.

ஜெஸ்மி


கொல்லயில்
12.05.2024

அன்புள்ள அக்கா,

ஜிஜா சேச்சிக்கு நீ வைத்த தாளை நான் பிரிக்கவில்லை. அப்படியே இதோடு திருப்பி அனுப்புகிறேன். கோபத்தால் இல்லை. நான் போகாமல் அம்மாவை அனுப்பினதில் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் நடக்க மாட்டேன். அவள் பார்லரின் விலாசத்தை அந்தத் தாளின் முதுகில் எழுதியிருக்கிறேன். நீயே தபாலில் போடு. அவள் பதில் போடுவாள் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் எனக்குத் தோன்றியது எல்லாம் சரியாக இருந்ததில்லை.

வக்கீல் சிஸ்டரின் நம்பர் வந்தது. பேசினேன். காகிதத்தை அனூஜ் படம் பிடித்து அனுப்பினான். மூன்று வருஷத்தை ஒன்றும் செய்ய முடியாதாம். நான் வாசித்தேன் என்று சொல்லி ஒப்பு போட்டதால் கஷ்டமாம். சிகிச்சைக்குப் பின்னால் என்று போட்டது கள்ளம் என்பதால் அதை மட்டும் கேட்டு ஒரு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். கிளினிக் பதில் சொல்லவில்லை. ஓணம் வரை அந்த இடத்துக்கு வாடகை கொடுத்திருப்பதாக லேகா கேட்டு வந்தாள். அதுவரை போர்டு நிற்கும்போலத்தான் தெரிகிறது.

அப்பா இப்போது பஸ்ஸில் போர்டு தெரிகிற வலது பக்கத்து சீட்டில் உட்காருவதில்லையாம். அதை அவர் சொல்லவில்லை. அவரோடு கடலுக்குப் போகிற ஈசாக் மாமா சொன்னார்.

யோசித்துப் பார்த்தால், ஜிஜா சேச்சியா ஏஜென்சியா என்று நான் தேர்ந்தெடுக்கவே இல்லை. உன்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன், நீ எழுதினதை அம்மா கையில் கொடுத்தேன், காகிதத்தில் பேர் எழுதினேன். ஜிஜா சேச்சியோடு போயிருந்தாலும் அப்படித்தான் போயிருப்பேன். ஆனால் அவள் பக்கத்தில் இருந்திருப்பாள். அதை நினைத்தால்தான் சில நேரம் தாங்க முடியவில்லை. புதுப் பெண்ணோடு அவள் பாலராமபுரத்துக் கைத்தறிக் கடைக்காகச் செய்த படத்தைப் பார்த்தேன். அந்தப் பெண்ணும் என் நிறம்தான். நல்ல படம்.

மறுபடியும் கடைக்குப் போகத் தொடங்கிவிட்டேன். நேற்று ஒரு அம்மா மகளோடு வந்தாள். மகளுக்குப் பதினாலு, பதினைந்து இருக்கும், என்னைவிடக் கறுப்பு. அந்த அம்மா போர்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"அது நீதானே மக்கா? உள்ளதச் சொல்லு, அந்த மருந்து கொள்ளாமா, பலன் உண்டா? இவளுக்கு எடுக்கலாமுன்னு பாக்கேன்."

லேகா எனக்காகப் பேச வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"இடது பக்கம் உள்ளது நானாக்கும்" என்றேன். "வலது பக்கம் உள்ள பிள்ளைய எனக்குத் தெரியாது. அப்படி ஒரு ஆளே கிடையாது."

அந்தப் பிள்ளை வெளியே போய் போர்டின் இடது பக்கத்தைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். வந்து, பாவாடைக்குத் துணி வேண்டும் என்று அவளே சொன்னாள். நான் அளந்து வெட்டிக் கொடுத்தேன்.

ரினி